கொடியில் காய்ந்த உடுப்பு

எங்கள் மேலாண்டாங்கலில் ஆண்பிள்ளை பிறந்தால் ஜாதகம் கணிப்பதற்கு முன்னால் மார்பை அளந்து பார்ப்பார்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள், அந்தக் கேலியில் பாதிக்கு மேல் உண்மை, ஏனென்றால் வேலூருக்கு மேற்கே பாறையும் முள்ளும் மண்டிய எங்கள் பூமியில் கேழ்வரகை விட்டால் நன்றாக விளைந்தது பட்டாளத்துக்காரர்கள்தான். வீட்டுக்கு ஒருவர், சில வீடுகளில் மூவர். அப்படிப்பட்ட ஊரில், தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, என் பக்கத்து வீட்டு அம்சவேணியின் புருஷன் தணிகைவேல் வடகிழக்கு எல்லையில் ஒரு மலைமுகாமிலிருந்து காணாமல் போய்விட்டான் என்று தந்தி வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் காவலுக்கு நின்றவனை ஆறு மணிக்கு மாற்றப் போன ஆள் பார்த்தபோது, துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது, டம்ளரில் பாதி டீ ஆவி பறக்க இருந்தது, அவன் மட்டும் இல்லை. முகாமைச் சுற்றி முள்வேலி, வேலிக்கு அப்பால் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கின் அடியில் ஆறு. வேலி எங்கும் அறுபடவில்லை, மோப்ப நாய்கள் டீ டம்ளரைத் தாண்டி ஓரடி நகரவில்லை. அவனுக்கு இருபத்து நாலு வயசு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், அதில் வீட்டில் இருந்தது எழுபது நாள்.

இதைச் சொல்கிற நான் ரேணுகா. என் புருஷன் கோதண்டன் அதற்கு மூன்று வருஷம் முன்னால் பனிச்சரிவில் புதைந்து, பதினோராம் நாள் தோண்டி எடுக்கப்பட்டு, தேசியக் கொடி போர்த்திய பெட்டியில் ஊர் வந்து சேர்ந்தவர். ஏரிக்கரையில் நட்ட கல்லில் அவர் பெயர் இருந்தது. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கயிற்றை இழுக்கும்போது ஊரிலுள்ள பெரிய மீசைகள் எல்லாம் விறைத்து நிற்கும். அதே பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் எனக்குச் சமையல் வேலையும் கொடுத்திருந்தார்கள். துக்கத்தில் எனக்கு ஒரு பதவி இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது யாருக்கும் புரியாது.

தந்தி வந்த மறுநாள் காலை அம்சவேணி அழவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது போலிருக்கிறது, தணிகைவேல் போன லீவில் விட்டுப்போன பழைய பச்சை உடுப்பை, சட்டையும் கால்சட்டையும், பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துப் பின்கட்டுக் கொடியில் காயப் போட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். நான் அரிசி களைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குப் போட்டாள். பன்னிரண்டு மணிக்கு அக்குளில் வேர்வை ஊறியது. ஒரு மணிக்கு மாங்காய் பழுப்பது போல மெல்ல மெல்ல முட்டியில் செம்மண் ஏறியது. மூன்று மணிக்கு முதுகு முழுவதும் நனைந்து, கழுத்துப்பட்டையில் உப்புக்கோடு விழுந்து, நாலு மணிக்கு நாள் முழுக்க ஓர் ஆள் போட்டுக்கொண்டு அலைந்த உடுப்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அம்சவேணி கிட்டே போய் மோந்து பார்த்தாள்.

“இன்னாடி?” என்றேன் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

“அவருதான் ரேணுக்கா,” என்றாள். “எங்கியோ நடந்துக்கினு இருக்குறாரு.”

மறுநாளும் துவைத்துப் போட்டாள், மறுநாளும் அழுக்காயிற்று. மூன்றாம் நாள் ஊருக்குத் தெரிந்தது. ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் பத்து மணிக்கே வந்து முருங்கைமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, இது அசாம் மண், இது ராஜஸ்தான் மணல், இது நான் எழுபத்தொன்றில் மூன்று மாதம் படுத்துக் கிடந்த இடத்துச் சேறு என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். பூகோள வாத்தியார் ஏழாம் வகுப்பையே அழைத்து வந்து, சுவரில் தேசப்படத்தை மாட்டி, நாளுக்கு ஓர் ஊசி குத்தினார். ஊசிகள் ஒருநாள் மலையில், ஒருநாள் பாலையில், ஒருநாள் கடற்கரையில் என்று எந்த ரயிலாலும் எட்ட முடியாத வேகத்தில் போயின. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பட்டாளத்தில் மாற்றல் அப்படித்தான் வரும் என்றார்கள். எங்கள் ஊரில் வெயில் கொளுத்தும்போது அந்தச் சட்டை சொட்டச் சொட்ட நனைந்தால், பெண்கள் பழக்கதோஷத்தில் ஓடிப்போய்க் காயப் போட்ட வேர்க்கடலையை அள்ளினார்கள். புதிதாகப் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளின் தாய்மார்கள் அந்த முட்டி மண்ணைக் கிள்ளி நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்கள். ரேஷன் கடைக்காரர் மத்தியானக் கடையை நாலு மணிக்கு மேல் திறந்தார், அதற்கு முன்னால் திறந்தால் யார் வரப்போகிறார்கள்.

பிறகு பொறாமை வந்தது. முதலில் வந்தது கீழ்த்தெரு மல்லிகேஸ்வரிக்கு. அவளுக்கு இரண்டு மகன்கள் காஷ்மீரில் இருந்தார்கள், கடுதாசி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. “காணாம போனவன் தெனமும் தெரியப்படுத்துறான், காணாம போகாத என் புள்ளைங்களுக்கு இன்னா கேடு?” என்று சொல்லி, மகன்களின் பழைய உடுப்புகளைத் துவைத்துத் தன் வீட்டுக் கொடியில் போட்டாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைப் பார்த்து அடுத்த தெரு. மாசிக் கடைசியில் ஊர் முழுக்கக் கொடிகளில் பச்சை உடுப்புகள் தொங்கின; மேலே வட்டமிடும் பருந்துக்கு ஒரு பட்டாளமே எங்கள் ஊருக்கு வந்து கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பது போலத் தெரிந்திருக்கும். ஒன்றிலும் ஒரு பொட்டு அழுக்கு ஏறவில்லை. உயிரோடும் சம்பளத்தோடும் இருந்த பிள்ளைகளின் சட்டைகள்கூடக் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாகக் காய்ந்தன.

நானும் போட்டேன். மற்றவர்கள் பார்க்காதபடி வீட்டுக்குள், சமையல்கட்டில் கயிறு கட்டி, கோதண்டனின் உடுப்பைப் பாச்சை உருண்டை வாசனையோடு எடுத்துத் துவைத்துப் போட்டேன். நாற்பத்தொரு நாள். செத்தவர் வேர்க்கமாட்டார் என்று எனக்குத் தெரியாதா, இருந்தும் தினமும் பள்ளிக்கூடத்திலிருந்து அரை ஓட்டமாக வந்து பார்ப்பேன். ஒருநாள் தோளில் ஒரு கறை இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டதை எதிர்வீட்டுக்காரிகூடக் கேட்டிருப்பாள். கிட்டே போய்ப் பார்த்தால் கூரை ஓட்டை வழியாகக் காக்கை எச்சமிட்டிருந்தது. அன்றைக்கு அந்தக் காக்கையின் மேல் வராத கோபம் எனக்கு அம்சவேணியின் மேல் வந்தது. என் புருஷனுக்குக் கல்லும் கொடியும் கிடைத்தன, அவள் புருஷனின் வேர்வை அவளுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைத்தது மட்டமான பண்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பங்குனியில் முகாமிலிருந்து ஒரு மேஜர் விசாரணைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, தணிகைவேலின் அப்பா சுபேதார் முனிரத்தினம்தான் இந்தியிலிருந்து மாற்றிச் சொன்னார். முனிரத்தினம் முப்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தவர், மகன் காணாமல் போன நாளிலிருந்து காலை பத்து மணிக்குப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டு நாலு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார். அந்த உடுப்பை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்க்கவேண்டியதாயிற்று. மேஜர் முருங்கைமரத்தடியில் உட்கார்ந்து, மோர் மட்டும் குடித்துவிட்டு, பத்திலிருந்து நாலுவரை எழுந்திருக்காமல், பதினொன்று இருபதுக்கு இடது முட்டி, பன்னிரண்டு பத்துக்கு வலது அக்குள் என்று நேரம் போட்டு எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. பட்டாளத்தில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. நாலு மணிக்குப் பேனாவை மூடிவிட்டு ஏதோ சொன்னார். முனிரத்தினம் விறைப்பாக நின்றபடியே மருமகளைப் பார்க்காமல் சொன்னார்:

“சாகிப் சொல்றாரு, செத்தவனுக்கு வேர்க்காதாம். வேர்க்குதுன்னா ஆள் இருக்கான். இருந்தும் யூனிட்டுக்கு வரலைன்னா, அவன்…” அங்கே நிறுத்தினார்.

“சொல்லுங்க மாமா,” என்றாள் அம்சவேணி.

“ஓடிப்போனவன்னு எழுதுவாங்களாம்.”

“எழுதட்டும்.”

“அம்சா, அப்படி எழுதிட்டா போலீஸ் வரும். நம்ம வீட்டுப் பேர்…”

“எழுதட்டும் மாமா. இருக்காருன்னு அவங்களே எழுதித் தராங்க இல்ல?”

மேஜர் அவள் முகத்தைப் பார்த்தார், என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

போலீஸ் வந்தது, வீட்டைத் தேடியது, போனது. டீக்கடை பெஞ்சில் முனிரத்தினம் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துகொள்ளவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அது அவருக்கு அதைவிட வலித்தது. ஒருநாள் அவர் மருமகளிடம் கெஞ்சியதை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். “அந்தத் துணிய மடிச்சு உள்ள வெச்சிடும்மா. வெளிய போடாதே. சுத்தமா இருந்துச்சின்னா, கொஞ்ச நாள் கழிச்சு எம் புள்ள டூட்டில செத்தான்னு எழுதுவாங்க. கல்லுல பேர் வெப்பாங்க.”

“உங்களுக்குக் கல்லு வேணும், எனக்கு ஆள் வேணும்,” என்றாள் அவள்.

நான் செய்தது வைகாசிக் கடைசியில், கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு. விசாரணைக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாமனாரும் மருமகளும் வேலூருக்குப் போகவேண்டியிருந்தது. விடியற்காலையில் அம்சவேணி உடுப்பைச் சுருட்டி எடுத்து வந்து சுவர்மேல் வைத்தாள். “இதைத் துவைச்சுப் போட்டுடு ரேணுக்கா. வேற யாரையும் தொட உடாதே. உன்னை நம்பித்தான் போறேன்.”

அன்றைக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர் விடுமுறை. நான் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சட்டையைக் கையில் எடுத்தேன். நேற்றைய அழுக்கு அப்படியே இருந்தது. வேர்வை, புகை, ஈர மண், கொஞ்சம் பீடி. உயிருள்ள ஆண்பிள்ளை ஒருவனின் நாற்றம். மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆகியிருந்தது எனக்கு. முகத்தை அதில் புதைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அப்போது நான் கோதண்டனை நினைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு துவைத்தேன். இடதுபக்கப் பையின் பொத்தான் முந்தின நாளே அறுந்து போயிருந்தது. தையல் டப்பாவை எடுத்தேன், பொத்தான் இருந்தது, பச்சை நூலும் இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருவனுக்குப் பொத்தான் தைக்கவேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் கை பச்சை நூலைத் தாண்டி நீல நூலை எடுத்தது, எடுக்கும்போதே ஏன் என்று கைக்குத் தெரிந்திருந்தது. நாலு கண்ணிலும் குறுக்கே இழுத்து, அடியில் சுற்றி முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் பத்து மணிக்குக் கொடியில் போட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வந்தவள் நேரே கொடிக்குப் போனாள். பையைப் பார்த்தாள். பொத்தானை விரலால் தடவினாள். உடுப்பை உருவிக்கொண்டு உள்ளே போனாள். சொல்லவேண்டிய வேலையை மல்லிகேஸ்வரி எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலை தண்ணீர்க்குழாயில் ஊருக்கே தெரிந்துவிட்டது. “பொத்தான் அறுந்தா அவனா தெச்சுக்குவான்? பட்டாளத்துல குடுக்கறது பச்சை நூலு. இது பொம்பள வெச்சிருக்குற நூலு.” அதற்குமேல் ஊர் அவளை உருவாக்கிக்கொண்டது. ஒருத்தி நர்ஸ் என்றாள், ஒருத்தி தேயிலைத் தோட்டத்துக்காரி என்றாள், சட்டையில் ஒருநாள் மீன்செதில் இருந்ததே, மீன்காரியாகத்தான் இருக்கும் என்றாள் இன்னொருத்தி. சிவப்பாக இருப்பாள் என்பதில் மட்டும் எல்லோருக்கும் சம்மதம். முருங்கைமரத்தடி ஆண்கள் பொத்தானை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்டாட்டிக்கும் பென்ஷனுக்கும் நடுவில் தேய்ந்துபோன அவர்கள் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்தது என் முகத்தில் இருந்த அதே பொறாமை. காவலும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோக அவனுக்குத் தைரியம் வந்தது, எங்களுக்கு வரவில்லையே என்று.

அம்சவேணி மறுநாள் கத்தரிக்கோலை எடுத்து எல்லோர் முன்னாலும் அந்தப் பொத்தானை வெட்டிக் கிணற்றில் போட்டுவிட்டு, சட்டையைக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்தாள். அடித்த சத்தம் சத்துணவுக் கூடம்வரை கேட்டது. எனக்கு உள்ளே இனித்தது. என் வயிற்றில் நாலு மாதமாக எரிந்தது இப்போது அவள் வயிற்றில் எரிகிறது என்ற நினைப்பில் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு முட்டையைக்கூட உடைக்காமல் உரித்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கொடியைச் சுற்றி ஊரே நின்றது. அழுக்கு வழக்கம்போல ஏறியிருந்தது. அத்தோடு, வெறுமையாக இருந்த இடதுபக்கப் பையில், இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மொட்டு விடுவது போல ஒரு பொத்தான் வந்திருந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நீல நூல். ஆனால் என் தையல் குறுக்கே போகும், இது பக்கத்துக்குப் பக்கம் இரண்டு கோடாகப் போயிருந்தது. சின்னச் சின்னத் தையல். நிதானமான கை. அவசரமே இல்லாத கை.

நான் பொய்யாக உண்டாக்கியவள் எங்கோ மெய்யாக இருந்தாள். எனக்கு வந்தது பயம் என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, அது பயமில்லை. என் புருஷனாக ஒருநாளும் இருந்திராத ஒருவன்மேல், நான் பார்த்தேயிராத ஒருத்திக்கு உள்ள உரிமையை நினைத்து எனக்கு வந்த வயிற்றெரிச்சல்.

அம்சவேணி கூட்டத்தைப் பார்த்து, “எல்லாரும் வீட்டுக்குப் போங்க,” என்றாள். உடுப்பை அழுக்கோடு கொடியிலிருந்து உருவி, துவைக்காமல் மடித்து, டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். “பொத்தான் தெச்சவளே தொவைக்கட்டும்.”

கொடி வெறுமையானது. ஊர் அதற்குப் பழகத்தான் அதிக நாள் பிடித்தது. பத்து மணியானால் நாலைந்து கிழவர்கள் வந்து வெறுங்கொடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வாத்தியார் தேசப்படத்தில் கடைசி ஊசியை எங்கே குத்துவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மற்ற வீட்டுக் கொடிகளிலிருந்தும் பச்சை உடுப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எனக்குத்தான் தாங்கவில்லை. அந்த நாற்றம் சுவரைத் தாண்டி வராத பின்கட்டில் என்னால் அரிசி களைய முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் மறுபடி பெட்டியைத் திறப்பாள் என்று கணக்குப் போட்டுத்தான் ஆடி மாதம் ஒரு மத்தியானம் சுவரைத் தாண்டிப் போனேன். மனசு உறுத்தியது என்று சொன்னால் அது பொய்.

அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்சா, அந்த மொதப் பொத்தான் நான் தெச்சது.”

அவள் முறத்தை நிறுத்தவில்லை. “தெரியும்.”

“தெரியுமா?”

“உன் ரவிக்கைக் கொக்கிய தெனமும் நான்தானே பின்னாடி மாட்டி உடறேன். உன் தையல் எனக்குத் தெரியாதா? அவ தெச்சதுன்னு நெனச்சா அறுத்தேன்? நீ தெச்சதுன்னு தெரிஞ்சுதான் அறுத்தேன்.” முறத்தைக் கீழே வைத்தாள். “அன்னிக்கு சட்டை காலர்ல உன் தலையெண்ணெ வாசனை வேற. அவர்மேல சாஞ்சுக்கினு அழுதியா ரேணுக்கா?”

நான் முறத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கினேன்.

“உனக்குத்தான் ஊரே விறைச்சு நிக்குது. கல்லு உனக்கு, கொடி உனக்கு. என்கிட்ட இருந்தது ஒரு வேர்வைச் சட்டை. அதுலயும் வந்து பங்கு கேட்டே.” அவள் குரலை உயர்த்தவே இல்லை. “உன்னைக் கொன்னுடணும்னு இருந்துச்சு. அறுத்த அன்னிக்கே ரெண்டாவது பொத்தான் வந்துதா, உன்மேல இருந்ததெல்லாம் அப்பிடியே அங்க போயிடுச்சு.”

“திறந்து பாத்தியா?”

“இல்ல.”

“பாக்கலாமா?”

அவள் மடியிலிருந்த உமியைத் தட்டினாள். பிறகு எழுந்து உள்ளே போனாள், நானும் கூடவே போனேன். பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினபோது இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தோம். அழுக்காக உள்ளே போன உடுப்பு துவைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் கிடைக்காத ஏதோ ஒரு சோப்பு, எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி வாசனை. அம்சவேணி மடித்தது நாலாக. இது மூன்றாக, கைகள் இரண்டும் உள்பக்கம் போக மடித்திருந்தது. அவள் கால்சட்டையை எடுத்து உதறினாள். இடுப்பில் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, ஓர் அங்குலம் விட்டு, நீல நூலால் மறுபடி தைத்திருந்தது.

அதைக் கையால் அளந்து பார்த்தாள். மறுபடி அளந்தாள்.

“தொப்பை போட்டிருக்கு,” என்றாள். “நல்லா ஆக்கிப் போடறா.”

நான் அவளைப் பிடித்துக்கொள்ளவேண்டியிருக்கும் என்று கையை நீட்டினேன். அவள் அழவில்லை. கால்சட்டையை ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மூன்றாக மடித்து உள்ளே வைத்து, பெட்டியைப் பூட்டினாள்.

அடுத்த வருஷம் மாசியில் அதே மேஜர் மறுபடி வந்தார். முகாமுக்குக் கீழே ஆற்றில் ஒரு பட்டாளத் தொப்பி பாறையிடுக்கில் கிடைத்ததாம், உள்ளே தணிகைவேலின் எண் எழுதியிருந்ததாம். வேறெதுவும் கிடைக்கவில்லை. எப்படிப் போனான், ஏன் போனான், டீ ஏன் ஆறவில்லை என்பதற்கெல்லாம் யாரிடமும் பதில் இல்லை, அவரும் தேடி முடித்துவிட்டார். வீட்டார் ஒரு வாக்குமூலம் தந்தால் பணியில் இறந்தவர் என்று கோப்பை மூடிவிடலாம் என்றார். ஒரே ஒரு கேள்விதான் அவருக்கு இருந்தது. முனிரத்தினம் மாற்றிச் சொன்னார்.

“துணி இன்னும் அழுக்காவுதான்னு கேக்குறாரு.”

சாட்சிக் கையெழுத்துப் போடப் பக்கத்து வீட்டுக்காரியாக நான் அங்கே நின்றிருந்தேன். அம்சவேணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“இல்லன்னு சொல்லுங்க மாமா. எடுத்துப் பாத்தா தொவைச்ச துணியாத்தான் இருக்குது. மாசக்கணக்கா ஒரு பொட்டு அழுக்கில்ல.”

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முனிரத்தினம் அதை இந்தியில் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது, மகன் செத்த துக்கத்திலா மானம் பிழைத்த சந்தோஷத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மேஜர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஜீப்பில் ஏறிப் போனபிறகு கேட்டேன். “ஏண்டி அப்படிச் சொன்னே? ஆள் வேணும்னியே.”

“ஆளைத்தான் அவ வெச்சிருக்காளே,” என்றாள். “சோறு போடறா, தொவைச்சுப் போடறா, இடுப்பைப் பிரிச்சு உடறா. எல்லாம் அவளுக்கேவா? பேராவது எனக்கு இருக்கட்டும். நாளைக்கு அவன் அங்க செத்தாலும் அவளால ஒரு கல்லுல பேர் போட முடியாது, நான்தான் ஏற்கெனவே போட்டுட்டேனே.”

சித்திரையில் ஏரிக்கரைக் கல்லில் கோதண்டன் பெயருக்குக் கீழே தணிகைவேலின் பெயரை வெட்டினார்கள். ஊர் முழுவதும் வந்திருந்தது. பட்டாளத்துப் பிகில் ஊதினார்கள். பெட்டி இல்லாததால், மடித்த கொடியை ஒரு தட்டில் வைத்து அம்சவேணியின் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு நேராக நின்றாள், பெரிய மீசைகள் விறைத்தன, டீக்கடை பெஞ்சுக்காரர்கள் முனிரத்தினத்துக்கு முன்னால் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். ஒரு வருஷம் முன்பாக இருந்தால் என் கல்லில் இன்னொருத்தி வந்துவிட்டாளே என்று நான் வெந்து போயிருப்பேன். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கோ ஒரு கூரைக்குக் கீழே எலுமிச்சை வாசனைச் சோப்பை நுரைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், இங்கே பிகில் ஊதுவது அவளுக்குக் கேட்காது என்பதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்து ஐந்து மணிக்கு நானும் அவளும் சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவப் போனோம். வந்த கூட்டத்துக்கு ஊர்ச் செலவில் வெண்பொங்கல் போட்டிருந்தார்கள், அண்டாவின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அம்சவேணி ஒரு தட்டில் வழித்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஒன்றேகால் வருஷத்தில் அவள் அப்படிப் பசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பாதி தட்டு முடிந்ததும் நிறுத்தினாள்.

“ரேணுக்கா, ஒண்ணு கேப்பேன். உன் வீட்டுக்காரர் அந்தப் பனியில சாகாம, எங்கனா ஒருத்தியோட இருந்துக்கினு இருந்திருந்தா, உனக்குத் தேவலையா?”

“தேவலை,” என்றேன். யோசிக்கவே இல்லை. “அவ கறுப்பா செவப்பா, கொழம்புல புளி கம்மியா ஊத்துறாளா ஜாஸ்தியா, அவரு கால் வலிக்குதுன்னா அமுக்கி உடறாளா இல்லியா, எல்லாம் நெனச்சு நெனச்சு, அவளைத் திட்டிக்கினே நான் கெழவியாயிருப்பேன். எனக்குத் திட்டறதுக்கு யார் இருக்குறா? பனியவா திட்ட முடியும்?”

“அப்ப உனக்கு இன்னும் என்மேல பொறாமைதானா?”

“ஆமா.”

அவள் தட்டை எனக்கும் அவளுக்கும் நடுவில் தள்ளி வைத்தாள். “நான் இன்னிக்குத்தான் திட்ட ஆரம்பிக்கப் போறேன். தனியாத் திட்டினா அலுத்துப்போயிடும். நீயும் சேந்துக்க.”

நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். மிளகு தட்டுப்பட்டது. மென்று முழுங்கிவிட்டு, “அவ அடுப்புல மண்ணு விழ,” என்றேன்.

அம்சவேணி கல்லடுப்புக்கு அப்பால், திறந்திருந்த வடக்குப் பக்க ஜன்னலைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு ரேணுக்கா,” என்றாள். “எவ்ளோ தூரத்துல இருக்குறாளோ.”